பயத்தில் போடும் ஓட்டு

கனடாவில் 2025 ஏப்ரல் 28 அன்று தேர்தல், இதை எழுதியது அதற்கு இரண்டு வாரம் முன்னால். சென்னையில் பல வீடுகளுக்கு இது தூரத்து நாட்டுச் செய்தி இல்லை, யார் வீட்டைக் கேட்டாலும் ஒரு அண்ணன் மகனோ சித்தி பொண்ணோ டொரண்டோ பக்கம் இருக்கிறார்கள். எங்கள் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் மூன்று வாரமாக ட்ரம்ப், பிரதமர் கார்னி, எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைவர் பொலியேவ் என்றேதான் ஓடுகிறது. அங்கே ஓட்டுரிமை உள்ள சொந்தக்காரர்களில் பாதிப் பேர் எப்போதும் இடது பக்கம் சாய்பவர்கள். அவர்களும் சேர்ந்து இந்த முறை கார்னியின் லிபரல் கட்சிக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஏன் என்றால் ஒரே பதில்: பொலியேவ் வந்துவிடக் கூடாது. எனக்கும் அவர் வரக் கூடாது. ஆனால் அந்தப் பயத்தில் நாடு முழுக்க ஒரே பக்கம் ஓடினால், கடந்த மூன்று வருஷத்தில் சாதாரண மக்களுக்குக் கிடைத்த நல்லதையெல்லாம் வாங்கிக் கொடுத்த புதிய ஜனநாயகக் கட்சி, அதாவது என்டிபி, காணாமல் போய்விடும். யாருமே இதைப் பேச மாட்டேன் என்கிறார்கள்.

ஜனவரி தொடக்கத்தில் நிலைமையே வேறு. கருத்துக்கணிப்புகளில் கன்சர்வேட்டிவ் கட்சி இருபது புள்ளிக்கு மேல் முன்னால் இருந்தது. ஜனவரி 6 அன்று அப்போதைய லிபரல் பிரதமர் ட்ரூடோ விலகப்போவதாக அறிவித்தார். இன்னொரு பக்கம் ட்ரம்ப் வரி போடுகிறேன் என்றார், கனடாவை அமெரிக்காவின் 51-வது மாநிலம் ஆக்குவேன் என்றார், மக்களுக்கு ரத்தம் கொதித்தது. மார்ச் 9 அன்று மார்க் கார்னி லிபரல் தலைவரானார், 14 அன்று பிரதமர், 23 அன்று தேர்தல் அறிவிப்பு. கனடா மத்திய வங்கிக்கும் இங்கிலாந்து மத்திய வங்கிக்கும் ஆளுநராக இருந்தவர் அவர், அதற்கு முன் எந்தத் தேர்தலிலும் நின்றதே இல்லை. இப்போது லிபரல்தான் முன்னால். அந்த ஏற்றத்தில் பெரிய பங்கு ஜக்மீத் சிங் தலைமையில் இருந்த என்டிபியிடமிருந்து போனது. அவர்கள் கணிப்புகளில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டார்கள்.

2021 தேர்தலில் லிபரலுக்கு 338-இல் 160 இடம்தான். பெரும்பான்மைக்குப் பத்து குறைவு. என்டிபிக்கு 25. அந்த 25 பேரை வைத்துக்கொண்டு 2022 மார்ச்சில் சிங் ஒரு ஒப்பந்தம் போட்டார்: நாங்கள் ஆட்சியைக் கவிழ்க்க மாட்டோம், பதிலுக்கு இதையெல்லாம் செய்யுங்கள். அந்தப் பட்டியலின் தலையில் இருந்தது பல் மருத்துவம். கனடாவில் ஆஸ்பத்திரி இலவசம், டாக்டரைப் பார்ப்பதும் இலவசம், பல் மட்டும் அந்தக் கணக்கில் வராது. கம்பெனி இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் கைக்காசைத்தான் போட வேண்டும். 2021 ஜூனில் என்டிபி இதே யோசனையைத் தீர்மானமாகக் கொண்டுவந்தபோது லிபரல்கள் பெரும்பாலோர் கன்சர்வேட்டிவ்களோடு சேர்ந்து எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். ஒன்பதே மாதத்தில் அதே லிபரல்கள் சரி என்றார்கள். ஆட்சி நிலைக்க அந்த 25 பேர் தேவைப்பட்டார்கள், வேறென்ன?

ஸ்கார்பரோவில் இருக்கும் என் அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. முதியோர் பென்ஷனில்தான் வாழ்க்கை. கீழ்ப் பல்செட் தளர்ந்துபோய் பல வருஷமாக இட்லியைக்கூட ரசத்தில் ஊறவைத்துத்தான் சாப்பிடுவார். குடும்ப வருமானம் 90,000 டாலருக்குக் கீழே, இன்சூரன்ஸும் இல்லை என்பவர்களுக்கு இந்தத் திட்டம் வந்தது, முதியவர்களுக்கு முதலில் திறந்தார்கள். போன குளிர்காலத்தில் புது செட் கட்டினார்கள். தமிழ்ப் புத்தாண்டு அன்று வீடியோ காலில் வந்தவர், மாங்காய்ப் பச்சடியில் இருந்த மாங்காய்த் துண்டை எடுத்துக் கேமராவுக்கு எதிரே கடித்துக் காட்டினார். அந்தச் சத்தம் போனில் கேட்டது. அதே அத்தைதான் அடுத்த நிமிஷம், “ட்ரம்ப் இப்படி மெரட்டிக்கிட்டு இருக்கறப்ப சின்னக் கட்சிக்குப் போட்டு ஓட்டை வீணாக்கச் சொல்றியாடா?” என்று கேட்டார். அத்தை, உங்கள் வாயில் இருக்கும் அந்தப் பல்லே நாலு வருஷத்துக்கு முன்னால் யாரோ அப்படி “வீணாக்கிய” ஓட்டில் வந்தது என்று சொன்னேன். சிரித்தார், ஒப்புக்கொள்ளவில்லை.

பல் மட்டுமா? சர்க்கரை நோய் மருந்தையும் கருத்தடை மருந்தையும் இலவசமாக்க வழி செய்யும் சட்டம் 2024 அக்டோபரில் வந்தது. வேலைநிறுத்தம் நடக்கும்போது வெளியாட்களை வைத்து வேலை வாங்கக் கூடாது என்ற சட்டம் அதே வருஷம் ஜூனில் நிறைவேறியது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 2024-இல் நடந்த வேலைநிறுத்தத்தைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கொஞ்சம் பின்னால் போனாலும் இதே கதைதான். 1962-இல் சஸ்காட்சவன் மாகாணத்தில் பொது மருத்துவக் காப்பீடு வந்தது டாமி டக்ளஸின் கட்சி ஆட்சியில், அவர்தான் என்டிபியின் முதல் தலைவர். அதை நாடு முழுக்கக் கொண்டுபோன 1966 சட்டம் பியர்சனின் லிபரல் அரசு கொண்டுவந்தது, அந்த அரசுக்கும் பெரும்பான்மை இல்லை. லிபரல்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. இடது பக்கத்திலிருந்து யாராவது கையைப் பிடித்து இழுத்தால்தான் அந்தப் பக்கம் நடப்பார்கள், இல்லாவிட்டால் எங்கே காற்று அடிக்கிறதோ அங்கே.

இப்போது எங்கே அடிக்கிறது என்று பாருங்கள். பிரதமரான அன்றே கார்னி போட்ட கையெழுத்து, மக்கள் மேல் விழும் கார்பன் வரியை நிறுத்துவதற்கு. ஏப்ரல் 1 முதல் அது இல்லை. அந்த வரிக்கு ஈடாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரும்பாலான மாகாணங்களில் மக்களின் வங்கிக் கணக்குக்குப் பணம் வந்துகொண்டிருந்தது, 2025 ஏப்ரலோடு அதுவும் முடிகிறது. வரியை ஒழிப்பேன் என்று இரண்டு வருஷமாகக் கத்தியவர் பொலியேவ், செய்து முடித்தவர் கார்னி. சொத்து விற்ற பெரிய லாபத்தின் மேல் வரியைக் கூட்டும் திட்டத்தையும் தேர்தல் அறிவிப்புக்கு இரண்டு நாள் முன்னால் கைவிட்டார். இரண்டுமே வலது பக்கத்துக்குக் கொடுத்த விட்டுக்கொடுப்பு. பெரும்பான்மையும் கிடைத்து, என்டிபியும் 12 இடத்துக்குக் கீழே போனால் என்ன ஆகும்? அங்கே 12 பேர் இல்லாவிட்டால் அவையில் கட்சி அந்தஸ்தே கிடையாது. நிலைக்குழுவில் இடம், ஆய்வுக்கான பணம், கேள்வி நேரத்தில் உறுதியான பங்கு எல்லாம் போய்விடும்.

நம் ஊரில் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி வைத்திருக்கிறோம், கூட்டணி. இங்கேயும் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிக்கும் முறைதான். ஆனால் 2024 மக்களவைத் தேர்தலில் மார்க்சிஸ்ட்டுக்கு மதுரை, திண்டுக்கல், சிபிஐக்கு நாகப்பட்டினம், திருப்பூர் என்று திமுக பிரித்துக் கொடுத்தது, நாலிலும் ஜெயித்தார்கள். பாஜக வந்துவிடுமோ என்று பயப்படும் மதுரைக்காரர் அரிவாள் சுத்தியல் நட்சத்திரத்தில் போட்டாலே அந்தப் பயமும் தீர்ந்தது, இடதுசாரியும் உள்ளே போனார். கனடாவில் தொகுதிப் பங்கீடு என்ற வழக்கமே கிடையாது. நாடு தழுவிய பெரிய கட்சிகள் கிட்டத்தட்ட எல்லாத் தொகுதியிலும் நிற்கும், பயம் வந்தால் சின்னக் கட்சிதான் முதலில் அடிபடும். 2021-இல் என்டிபி வாங்கிய ஓட்டு 17.8 சதவீதம், இடம் 25. கியூபெக் மாகாணத்தில் மட்டும் நிற்கும் பிளாக் கட்சிக்கு 7.6 சதவீதம், இடம் 32. இந்த முறையில் நடக்கும் கடைசித் தேர்தல் 2015 தேர்தல்தான் என்று ட்ரூடோ வாக்குக் கொடுத்தார். 2017-இல் கைகழுவினார். அவர் ஆட்சியில் என் மனசு ஆறாத விஷயம் அதுதான்.

இடங்கள் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2025 மார்ச் 22-ஆம் தேதி இங்கே சென்னையில் தொகுதி மறுவரையறைக்கு எதிராகப் பல மாநிலத் தலைவர்கள் கூடினார்களே, கனடாவில் அந்தச் சண்டை 2022-இல் எப்படி முடிந்தது தெரியுமா? மக்கள்தொகைக் கணக்குப்படி கியூபெக்கின் 78 இடத்தில் ஒன்று குறைய வேண்டியிருந்தது. அதைக் குறைக்காமலிருக்க நாடாளுமன்றம் சட்டமே போட்டது. ஜனத்தொகை கூடிய ஒன்டாரியோ, ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு இடங்களைக் கூட்டினார்கள். அப்படித்தான் இப்போது 343. விகிதம் கொஞ்சம் தேயத்தான் செய்தது, ஆனால் யார் கையிலிருந்தும் ஒரு இடம்கூடப் பிடுங்கப்படவில்லை. டெல்லியில் இருப்பவர்கள் இதைப் படித்தால் நல்லது.

வீட்டு வாடகைதான் அங்கே பெரிய எரிச்சல். அதற்குக் காரணம் வெளிநாட்டு மாணவர்கள் என்று கன்சர்வேட்டிவ்கள் சொல்கிறார்கள், லிபரல் அரசும் 2024 தொடக்கத்தில் மாணவர் விசாவுக்கு உச்சவரம்பு போட்டது. எங்கள் அடுக்ககத்தில் ஒரு பையன் பிராம்டனில் படிக்கிறான், ஒரு பேஸ்மென்ட்டில் ஆறு பேர், இரவு வேலை, ஓட்டு கிடையாது. கைக்காசாக 20,635 டாலர் காட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினான். புதிய சமூக வீடுகளுக்குப் பணம் கொடுப்பதை மத்திய அரசு 1993-இல் நிறுத்தியபோது அவன் அப்பாவுக்கே கல்யாணம் ஆகவில்லை. முப்பது வருஷம் வீடு கட்டாமல் இருந்துவிட்டு அவன் மேல் பழி போடுவது அநியாயம். அரசே மறுபடி கட்டும் என்று கார்னி இப்போது சொல்கிறார், அதை வரவேற்கிறேன். ஆனால் வாடகைக்கு உச்சவரம்பு என்று பேசுபவர் சிங்தான்.

அதனால் ஓட்டு வைத்திருக்கும் என் சொந்தக்காரர்களுக்கு நான் கேட்பது இதுதான். நாடு முழுக்க வரும் கணிப்பை விட்டுவிடுங்கள், உங்கள் தொகுதியைப் பாருங்கள். வான்கூவர் ஈஸ்ட், ஹாமில்டன் சென்டர், விண்ட்சர் வெஸ்ட், லண்டன்–ஃபான்ஷா, எட்மன்டன் கிரீஸ்பாக் மாதிரி 2021-இல் என்டிபி ஜெயித்த இடங்களில் ஓட்டை லிபரலுக்கு மாற்றினால் சில இடங்களில் நடுவில் புகுந்து ஜெயிப்பது கன்சர்வேட்டிவாகத்தான் இருக்கும். அங்கே பொலியேவைத் தடுக்க என்டிபிக்குத்தான் போட வேண்டும். அத்தை இருப்பது ஹரி ஆனந்தசங்கரியின் தொகுதி, அவர் 2015 முதல் அந்தப் பகுதியின் லிபரல் எம்பி, 2025 மார்ச்சில் நீதித்துறை அமைச்சரும் ஆனார். அங்கே லிபரலுக்கு ஆபத்தில்லை, மனசுக்குப் பிடித்த கட்சிக்குப் போடலாம். லிபரலும் கன்சர்வேட்டிவும் நேருக்கு நேர் மோதும் மிசிசாகா, மார்க்கம் பக்கத்துத் தம்பிகள் லிபரலுக்கே போடுங்கள், அதில் எனக்கு வருத்தம் இல்லை. எல்லைகள் மாறியிருப்பதால், புது எல்லைப்படி கணக்கிட்ட 2021 முடிவுகளை எலெக்‌ஷன்ஸ் கனடா தளத்தில் பாருங்கள், யார் இரண்டாவது வந்தார் என்று அதில் இருக்கிறது. முன்கூட்டியே ஓட்டுப் போட ஏப்ரல் 18 முதல் 21 வரை, ஈஸ்டர் விடுமுறையில், நாலு நாள் கொடுத்திருக்கிறார்கள். ஏப்ரல் 16 புதன்கிழமை தலைவர்களின் பிரெஞ்சு விவாதம், 17 வியாழக்கிழமை ஆங்கிலம். இரண்டாவதையாவது முழுசாகக் கேட்டுவிட்டுப் போங்கள்.