சுவரோரம் சறுக்கியது

2025 மார்ச் 3, திங்கள்

பசையும் ஜெல்லும் எப்படி ஓடுகின்றன என்று இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து அளக்கும் ரியோமீட்டரில் புது மாணவி இன்று முதல் தடவையாகத் தனியாக உட்கார்ந்தாள். எங்கள் ஆய்வகத்தில் யார் சேர்ந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: எங்களுடைய பழைய ஆய்வுக்கட்டுரை ஒன்றை எடுத்து, அதில் உள்ள ஒரு வரைபடத்தைத் திரும்ப அளந்து காட்ட வேண்டும். கையும் பழகும், கருவியும் பழகும். அவள் கைக்குப் போனது என் முனைவர் பட்டக் காலத்துக் கட்டுரை, 2003.

ஜெல் கிண்டும்போது நானும் பக்கத்தில் நின்றேன். கார்போபால் என்ற பாலிமர் பொடியைத் தண்ணீரில் தூவி ஊறவைத்தால் முதலில் லேசாகக் கலங்கிய அமிலத் தண்ணீராகத்தான் இருக்கும். சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. திடீரென்று கலக்கியின் சத்தம் கனத்துப்போகும். துணுக்குகள் தண்ணீரைக் குடித்து ஊதி ஒன்றையொன்று நெருக்க ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம். இருபது வருடத்துக்கு மேல் கேட்ட சத்தம்தான், இன்றும் குனிந்து பாத்திரத்தைப் பார்த்தேன்.

சாயங்காலம் அறைக் கதவைத் தட்டினாள். "மேடம், உங்க கிராஃப் ரெண்டு இடத்துல மடங்குது. எனக்கு ஒரு இடத்துலதான் மடங்குது."

ஜெல்லில் குமிழி இருக்கும், சென்ட்ரிஃப்யூஜில் போட்டு எடுத்துத் திரும்ப அள என்று அனுப்பிவிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

குமிழி இல்லை. இன்றும் ஒரே மடிப்புதான்.

இது ஏன் என்னைக் குடைகிறது என்று எழுதிவைக்கிறேன். இந்த மாதிரி ஜெல், பற்பசையைப் போல, கொஞ்சமாகத் தள்ளினால் திடப்பொருளாக நிற்கும். ஒரு அளவுக்கு மேல் தள்ளினால்தான் ஓடும். தள்ளும் விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது தகைவு, பாஸ்கலில் அளப்போம்; ஓடவைக்கும் அந்தத் தகைவை நாங்கள் ஈல்டு ஸ்ட்ரெஸ் என்போம். என் கட்டுரை சொன்னது, இந்த ஜெல்லுக்கு அப்படி இரண்டு அளவுகள் உண்டு என்று. 6 பாஸ்கலிலேயே மெல்ல நகரத் தொடங்கும். 38 பாஸ்கலில் உடைத்துக்கொண்டு ஓடும். வரைபடத்தின் இரண்டு மடிப்புகளும் இவைதான். துணுக்குகள் கொத்துக்கொத்தாகச் சேர்ந்திருக்கின்றன, முதலில் கொத்துகள் நகர்கின்றன, பிறகு துணுக்குகள் பிரிகின்றன என்று ஒரு விளக்கமும் கொடுத்திருந்தேன். அழகான விளக்கம். வேலைக்கான நேர்காணல்களில் அந்தப் படத்தைத்தான் முதலில் போட்டேன்.

அவளுக்கு 38 மட்டும் வருகிறது. 6 இல்லை.

"எந்தத் தட்டு போட்டே?" என்று கேட்டேன். வழவழப்பான தட்டை வேறொருவர் எடுத்துக்கொண்டு போயிருந்தாராம். மணல் வீசிச் சொரசொரப்பாக்கிய தட்டைப் போட்டிருக்கிறாள்.

நான் அன்று அளந்தது முழுக்க வழவழப்பான எஃகுத் தட்டில். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

சந்தேகம் வந்தால் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. வழவழப்பான தட்டைத் திரும்ப வாங்கி மாட்டினோம். இரண்டு தட்டுகளுக்கும் நடுவே 1 மில்லிமீட்டர் ஜெல். விளிம்பில் பிதுங்கியதை ஸ்பாட்டுலாவால் வழித்துவிட்டு, மை தொட்ட ஊசியால் மேல்தட்டிலிருந்து ஜெல் வழியாகக் கீழ்த்தட்டு வரை நேராக ஒரு கோடு இழுத்தேன். கை நடுங்கியதால் மூன்றாம் தடவைதான் ஒழுங்காக வந்தது. கேமராவைப் பக்கவாட்டில் வைத்து, 20 பாஸ்கல் கொடுத்தோம். என் பழைய கட்டுரைப்படி ஜெல் மெல்ல ஓட வேண்டிய இடம் அது.

ஓடியிருந்தால் கோடு சாய்ந்திருக்க வேண்டும். மேல்தட்டில் இருந்த துண்டு வலப்பக்கமாக நகர்ந்து போனது. ஜெல்லில் இருந்த துண்டு துளியும் சாயாமல், நட்ட குச்சி மாதிரி, அதில் பாதி வேகத்தில் பின்னாலேயே போனது. கீழ்த்தட்டின் துண்டு இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரே கோடு மூன்று துண்டாகிவிட்டது. ஜெல்லுக்குள்ளே எதுவும் நடக்கவில்லை. இரண்டு சுவரிலும் சறுக்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

எஃகுக்கும் ஜெல்லுக்கும் நடுவே மைக்ரோமீட்டருக்கும் குறைவான தடிப்பில் தண்ணீர்ப் படலம் இருக்கும். ஈரக்கையில் சோப்பு நழுவுகிற கதைதான். மேலே மோட்டார் தட்டு எவ்வளவு திரும்பியது என்று மட்டும் சொல்லும். எது திரும்பியது என்று சொல்லாது. மென்பொருள் அதை ஓட்டம் என்று கணக்குப் போட்டு, தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கத்தோடு அட்டவணையில் எழுதிவிடும்.

மாணவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடியோவைச் சேமித்துவை என்றேன்.

மார்ச் 12, புதன்

இடைவெளியைப் பாதியாக்கிப் பார்த்தோம். உள்ளே நிஜமாகவே ஓட்டம் இருந்தால், ஒரே தகைவுக்கு ஷியர் வேகம், அதாவது தட்டின் வேகத்தை இடைவெளியால் வகுத்தது, இடைவெளியைப் பொறுத்து மாறக் கூடாது. 1 மில்லிமீட்டரில் நொடிக்கு 0.02 காட்டியது; 0.5-இல் 0.04. கச்சிதமாக இரட்டிப்பு. முழுச் சறுக்கலுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இதில் புதிதாக ஒன்றுமில்லை என்பதுதான் வலி. குழாயில் சறுக்கலைப் பிரித்தெடுக்கும் வழியை மூனி 1931-லேயே எழுதிவிட்டார். இணைத்தட்டுகளுக்கு யோஷிமுராவும் ப்ருடோமும் 1988-இல் எழுதினார்கள். நான் இரண்டையும் படித்திருக்கிறேன், ஆய்வேட்டில் மேற்கோளும் காட்டியிருக்கிறேன். இடைவெளியை மாற்றிப் பார்க்க ஒரு மத்தியானம் போதும். அந்த மத்தியானத்தை நான் செலவழிக்கவில்லை. 2004-இல், என் கட்டுரை வந்த மறுவருடமே, மீக்கர், போனகேஸ், க்ளோய்ட்ர மூவரும் இதே வகைப் பசைகளில் வழவழப்பான சுவர் போட்டால் ஓட்டக்கோடு எப்படித் தவறான இடத்தில் மடங்கும் என்று காட்டினார்கள். அதையும் படித்தேன். 'நம்முடைய ஜெல் வேறு' என்று நினைத்துக்கொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

இன்று ஆய்வகம் போகவில்லை. பழைய நோட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

என் துறையைத் தமிழில் சொல்வதே பெரிய பாடு. டி ஜென் 1991-இல் நோபல் உரைக்கு 'சாஃப்ட் மேட்டர்' என்று தலைப்பு வைத்தார். அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் மென்பொருள். அந்தச் சொல்லைக் கம்ப்யூட்டர்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். "மென்பொருள் ஆராய்ச்சி" என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லி, சொந்தக்காரர் ஒருவரின் லேப்டாப்பைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் கொழகொழப்பான சாமான்கள் எப்படி ஓடுகின்றன என்று பார்ப்பது என் வேலை என்கிறேன். யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்ததும் இரண்டு வருடம் ஒரு பசைத் தொழிற்சாலையில் இருந்தேன். 60 மீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு குழாய். ராத்திரி பம்பை நிறுத்தினால் காலையில் பசை உள்ளே இறுகி நிற்கும். அதன் ஈல்டு ஸ்ட்ரெஸ் 150 பாஸ்கல். தகைவை நான்கால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, விட்டத்தால் வகுத்தால் 7.2 பார் வேண்டும். பம்பின் உச்சமே 6 பார். கணக்குப்படி அது ஒருநாளும் கிளம்பக் கூடாது. ஆனால் பெரும்பாலான நாள் முனகிக்கொண்டே கிளம்பிவிடும். பழைய ஆபரேட்டர் ஒருவர் குழாயைத் தட்டிக்கொடுத்து, "கிளம்பும்மா, நீ கணக்கப் போட்டுக்கிட்டே இரு" என்பார். ஏன் கிளம்புகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் நான் மேலே படிக்கப் போனேன்.

இதை எழுதும்போதுதான் உறைத்தது. அந்தக் குழாயும் வழவழப்பான எஃகுதான். பசை முழுக்கட்டையாகச் சுவரில் வழுக்கிப் போயிருக்கிறது. வழுக்கத் தொடங்கும் தகைவு 100 பாஸ்கல் என்று வைத்தால் 4.8 பாரே போதும், 6 பார் பம்புக்கு அது கஷ்டமே இல்லை. விடை தேடிப் போன நான் விடையையே அளந்து, அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 20, வியாழன்

கைடு சாருக்கு ஃபோன் செய்தேன். ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகிறது. முழுவதும் கேட்டுவிட்டு, "இடைவெளிய மாத்திப் பாத்தியான்னு நான் அப்பவே கேட்டிருக்கணும்மா. என் பேரும்தானே அதுல இருக்கு" என்றார். பிறகு வழக்கம்போலத் தாரில் போய் நின்றார். பார்னெல் 1927-இல் பிரிஸ்பேனில் ஆரம்பித்துவைத்த தார்ச் சொட்டுச் சோதனை அவருக்கு எல்லாவற்றுக்கும் உதவும். புனலில் ஊற்றிய தார் பல வருடத்துக்கு ஒரு சொட்டாக விழும். அதைப் பல பத்தாண்டு கவனித்துக்கொண்ட மெயின்ஸ்டோன் ஒரு சொட்டு விழுவதைக்கூட நேரில் பார்த்ததில்லை. 1988-இல் சில நிமிடம் வெளியே போயிருந்தார், விழுந்துவிட்டது. 2000-இல் கேமரா வைத்தார், கேமரா பழுது. "அவருக்காவது கேமரா ரிப்பேரு. நமக்குக் கண்ணு ரிப்பேரு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் ஃபோனை வைத்தபோது கொஞ்சம் லேசாக இருந்தது.

மார்ச் 28, வெள்ளி

பிழைதிருத்தம் எழுதுவது கட்டுரை எழுதுவதைவிடக் கஷ்டம். முதல் வரைவில் 'சறுக்கலின் பங்கு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்திருக்கலாம்' என்று எழுதியிருந்தேன். மாணவி பென்சிலால் அடிக்கோடு போட்டு, "இருந்திருக்கலாமா, மேடம்?" என்று ஓரத்தில் எழுதியிருந்தாள். அடித்துவிட்டேன். 6 பாஸ்கல் என்பது ஜெல்லின் குணம் இல்லை, ஜெல் அந்த எஃகில் வழுக்கத் தொடங்கும் தகைவு. கொத்துகள் பற்றிய விளக்கத்தைத் திரும்பப் பெறுகிறோம். இரண்டே வரி.

அவள் பெயரையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், என் பெயரில் வரும் முதல் வெளியீடு பிழைதிருத்தமாக இருக்க வேண்டாம் என்றாள். நியாயம்தான். நன்றி சொல்லும் இடத்தில் போட்டிருக்கிறேன். வழுக்கும் தகைவு பற்றிய புதுக் கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது.

ஏப்ரல் 2, புதன்

இதழுக்கு அனுப்பியாயிற்று. பெற்றுக்கொண்டோம் என்று தானியங்கி மின்னஞ்சல் ஒன்று வந்தது.

மத்தியானம் கண்ணாடித் தட்டில் பார்த்தோம். எஃகில் 6, கண்ணாடியில் 9. கண்ணாடி எஃகைவிட வழவழப்பு, அப்புறம் ஏன் கூடுகிறது? ஜெல் கண்ணாடியில் லேசாக ஒட்டுகிறது என்கிறாள் அவள். தட்டைச் சரியாகக் கழுவவில்லை என்கிறேன் நான். ஆளுக்கொரு தட்டை எடுத்துக் கழுவிக் காயவைத்திருக்கிறோம். ஜெல் தீர்ந்துவிட்டது, காலையில் புதிதாகக் கிண்ட வேண்டும்.