"சிஸ்டம்ல அப்படித்தான் வருது"

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து என் மேசைமேல் வைத்தார். வியர்வையில் அதன் அட்டை வளைந்துபோயிருந்தது. உள்ளே நீல மையில் வரிசையாகத் தேதிகள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே வந்த நேரம், போன நேரம். இரவு 10.00, காலை 6.00. இரவு 9.55, காலை 6.10. இப்படி மொத்தம் 11 இரவுகள். அந்த 11 இரவுகளுக்கும் அவருக்குச் சம்பளம் வரவில்லை.

அவர் எங்கள் நிறுவனத்தின் காவலாளி. நான் அங்கே சம்பளக் கணக்கு மென்பொருளை எழுதிப் பராமரிப்பவன். என்னிடம் வருவதற்கு முன் அவர் மூன்று பேரைப் பார்த்துவிட்டார். மூன்று பேரும் கணினியைத் திறந்து பார்த்துவிட்டு ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள்: "சிஸ்டம்ல அப்படித்தான் வருது."

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். இன்னொருவருக்காகப் பகல் வேலையிலிருந்து இரவு வேலைக்கு மாறியிருக்கிறார். பணிப் பட்டியலில் யாரும் அதை மாற்றவில்லை. பகல் வேலைக்கு மென்பொருள் என்ன செய்யும்? போன மணியிலிருந்து வந்த மணியைக் கழிக்கும், தேதியைப் பார்க்காது. 6-இல் 22 போனால் மைனஸ் 16. அடுத்த வரியில் ஒரு கட்டளை: விடை மைனஸில் வந்தால் பூஜ்யமாக்கிவிடு.

அந்த வரியை எழுதியவன் நான். நான்கு வருடங்களுக்கு முன், சோதனையின்போது அறிக்கையில் மைனஸ் மணிகள் வந்து அசிங்கமாகத் தெரிந்ததால், அதைச் சுத்தப்படுத்த எழுதினேன். பிழை என்று கூவ வேண்டிய இடத்தில் பிழையின் வாயைப் பொத்தியிருக்கிறேன். எட்டு மணி நேரம் கண்விழித்த ஒரு மனிதரின் இரவு அந்த ஒரு வரியில் பூஜ்யமாகிவிட்டது.

அன்றிலிருந்து இந்த ஒரு விஷயம் என்னை விடவே இல்லை. நம் மொழியில் உயர்திணை, அஃறிணை என்று பிரித்து வைத்திருக்கிறோம். சொன்னார் என்றால் ஒரு ஆள் இருக்கிறார், அவரிடம் போய் ஏன் என்று கேட்கலாம். சொல்கிறது என்றால் யாரைக் கேட்பது? "மேலாளர் உங்கள் விடுப்பை மறுத்தார்" என்பது "சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது" ஆகும்போது, பொறுப்பு சத்தமில்லாமல் உயர்திணையிலிருந்து அஃறிணைக்குப் போய்விடுகிறது. அரசாங்கக் கடிதங்களில் இது பழைய பழக்கம்தான். "தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுள்ளது" என்ற வாக்கியத்தில் எழுவாயாக விண்ணப்பம்தான் நிற்கிறது, நிராகரித்தவரைக் காணோம். ஆனால் காகிதக் காலத்தில் அடியில் ஒரு கையெழுத்தாவது இருந்தது.

இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு பிரிட்டனின் அஞ்சலகக் கதையைச் சொல்வேன். 1999 முதல் அங்கே கிளை அஞ்சலகங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் வந்தது. ஃபுஜிட்சு நிறுவனம் தந்தது. கிளையை நடத்துபவர் இரவில் கணக்கு முடிக்கும்போது திரையில் பணம் குறைவதாகக் காட்டும். பெட்டியில் சரியாக இருக்கும். உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் பலருக்கும் கிடைத்த பதில், இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும்தான் வருகிறது என்பது. சொந்தப் பணத்தைப் போட்டு ஈடுகட்டினார்கள். வீட்டை விற்றவர்கள் உண்டு. திருட்டு, பொய்க்கணக்கு என்று 900-க்கும் மேற்பட்டவர்கள்மீது வழக்கு நடந்தது. பலர் சிறைக்குப் போனார்கள். உயிரை விட்டவர்களும் இருக்கிறார்கள். மென்பொருளில்தான் கோளாறு என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. 2024-இல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட்டு அந்தத் தண்டனைகளை ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

இதில் எனக்கு மிகவும் வலிப்பது ஒரு சட்ட விஷயம். கணினி தந்த சான்றை வழக்கில் வைப்பவர் அந்தக் கணினி சரியாக இயங்கியது என்று காட்ட வேண்டும் என இங்கிலாந்தில் 1984-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்லியிருந்தது. அந்தப் பிரிவை 1999-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. அப்புறம் கணினி சரியாகத்தான் இயங்கியிருக்கும் என்பதே நீதிமன்றத்தின் தொடக்க நம்பிக்கையாயிற்று. தவறு என்று காட்ட வேண்டிய சுமை, குற்றம் சாட்டப்பட்ட கிளைக்காரரின் தலையில் விழுந்தது. அவரால் எப்படி முடியும்? உள்ளே இருக்கும் நிரலை அவர் பார்த்ததே இல்லை. எங்கள் காவலாளி தன் கையால் நோட்டில் எழுதி வைத்திருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த நோட்டு இல்லையென்றால் நானே அவரை நம்பியிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்திரேலியாவில் நடந்தது அரசாங்கமே முன்னின்று செய்தது. ராபோடெட் என்று பெயர் வாங்கிய அந்தத் திட்டத்தில், உதவித்தொகை வாங்கியவர்களின் ஆண்டு வருமானத்தை எடுத்து 26 இரண்டுவாரக் கணக்குகளாகச் சமமாகப் பிரித்தார்கள். நான்கு மாதம் வேலை, எட்டு மாதம் வேலையில்லை என்று இருந்தவருக்கும் வருடம் முழுக்கச் சீராக வருமானம் வந்ததாகக் கணக்கு காட்டியது. நீ அதிகமாக வாங்கிவிட்டாய், திருப்பிக் கட்டு என்று நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கடன் எழுதினார்கள். சராசரி என்பது என்ன என்று தெரிந்த எந்தப் பள்ளி மாணவனும் இது தப்பு என்று சொல்வான். அந்த அலுவலகங்களில் வேலை செய்தவர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது, சிலர் வாய்விட்டுச் சொல்லவும் செய்தார்கள். மேலே கேட்கவில்லை. 2023 ஜூலையில் வந்த அரச விசாரணை ஆணைய அறிக்கை அதைக் கொடூரமான, நியாயமும் சட்டமும் இல்லாத ஏற்பாடு என்றே எழுதியது.

நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவி வாங்கிய பெற்றோர் பல்லாயிரக்கணக்கானோரை மோசடிக்காரர்களாக்கிய விவகாரத்தில், 2021 ஜனவரியில் பிரதமர் மார்க் ருட்டே அமைச்சரவையோடு பதவி விலகினார். சரி, அங்காவது பொறுப்பேற்றார்களே என்று தோன்றும். இரண்டு மாதம் கழித்து நடந்த தேர்தலில் அவர் கட்சியே முதலிடம் பிடித்தது, அவரே மீண்டும் பிரதமரானார். பதவி விலகுவதைப் பொறுப்பின் உச்சம் என்று நாம் பேசுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, இந்த வீட்டுக்கு இவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று கணக்கு முடிப்பதுதான் பொறுப்பு. அதற்குக் கைதட்டல் கிடைக்காது.

கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவரைத் திட்டுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. அந்த மூன்று பேரும் கெட்டவர்கள் இல்லை. திரையில் இருப்பதைப் படிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, மாற்றும் உரிமை இல்லை. சந்தேகம் வந்தால் யாரிடம் அனுப்புவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் "இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்ற ஒரு சொல்லுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அதை ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

1983 செப்டம்பர் 26-ஆம் தேதி, சோவியத் ஒன்றியத்தின் எச்சரிக்கை மையத்தில் ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் என்ற அதிகாரி இரவுப் பணியில் இருந்தார். அமெரிக்காவிலிருந்து ஏவுகணை கிளம்பிவிட்டது என்று கணினி காட்டியது. ஒன்று, அப்புறம் நான்கு. போர் தொடங்குபவன் வெறும் ஐந்தை அனுப்புவானா என்று யோசித்தார். அந்த அமைப்பு புதியது என்பதும் அவருக்குத் தெரியும். தரையிலிருந்த ரேடார்களிலும் ஒன்றும் தெரியவில்லை. தவறான எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னார். உயரத்தில் இருந்த மேகங்களில் பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணை என்று எடுத்துக்கொண்டது பிறகுதான் தெரிந்தது. அந்த இரவில் குறிப்பேட்டைச் சரியாக எழுதவில்லை என்று அவரையே கேள்வி கேட்டார்கள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் இன்டர்காம் இருந்தது, மூன்றாவது கை எனக்கு இல்லையே என்று அவர் பின்னாளில் சொன்னார். அந்த மனிதர் "சிஸ்டம்ல அப்படித்தான் வருது" என்று மட்டும் சொல்லியிருந்தால்?

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க, கடனை மறுக்க, ஆளைத் தேர்ந்தெடுக்க என்று எங்கள் துறையில் எல்லாரும் அதை நுழைக்கிறார்கள். நானும் தினமும் பயன்படுத்துகிறேன், நேரம் மிச்சமாகிறது. ஆனால் என் பழைய நிரலில் அந்தத் தப்பான வரியைக் கண்டுபிடிக்க எனக்கு 40 நிமிடம்தான் ஆனது. மைனஸ் 16 ஏன் பூஜ்யமானது என்று அவரிடம் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. தரவுகளைக் கொடுத்துப் பழக்கிய ஒரு செயற்கை நுண்ணறிவு மாடல் ஒருவரை ஏன் தள்ளியது என்று அப்படி ஒரு வரியைக் காட்ட முடியாது. அதனால் ஒருவருடைய கூலியையோ வேலையையோ தொடும் முடிவை அதனிடம் மட்டும் விட நான் சம்மதிப்பதில்லை. ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, முழுக்க இயந்திரமே எடுக்கும் பெரிய முடிவுகளுக்குத் தன்னை உட்படுத்தாமல் இருக்க மனிதருக்கு உரிமை தருகிறது. விதிவிலக்குகள் உண்டு. இருந்தாலும், ஒரு மனிதர் பார்த்துச் சொல்லட்டும் என்று கேட்பது சலுகை இல்லை, உரிமை என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அது எல்லா நாட்டிலும் வேண்டும். கூட்டத்தில் இதைச் சொன்னால் வேகத்துக்குத் தடை போடுகிறேன் என்கிறார்கள். தடை விழட்டும் என்றுதான் சொல்கிறேன்.

அந்த வரியை அன்றே நீக்கினேன். மைனஸ் வந்தால் இப்போது கணக்கு நின்றுவிடும், யாராவது பார்த்தே ஆக வேண்டும். சம்பளச் சீட்டின் அடியில் "கணக்கில் சந்தேகம் இருந்தால்" என்று என் பெயரையும் உள் தொலைபேசி எண்ணையும் போட்டேன். வேண்டாம், கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள் என்று மேலாளர் தடுத்தார். முதல் மாதம் 17 அழைப்புகள் வந்தன. 13 பேருக்குக் கணக்கு சரியாகத்தான் இருந்தது, விளக்கிச் சொன்னதும் வைத்துவிட்டார்கள். நான்கு பேருக்குத் தப்பாக இருந்தது.

பாக்கிப் பணம் வந்த அன்று காவலாளி மேலே வந்தார். யார் சார் இதையெல்லாம் எழுதுறது என்று கேட்டார். நான்தான், அந்தத் தப்பும் என்னுடையதுதான் என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"அப்போ இனிமே நேரா உங்ககிட்டயே வந்துடலாம்ல?" என்றார்.

வாருங்கள் என்றேன். நோட்டை எடுத்து, அன்றைய தேதிக்கு எதிரே வந்த நேரத்தை எழுதிக்கொண்டு கீழே போனார்.