பவுனுக்கு என்ன வயது

ஜூன் 9, 2025
மதியத்துக்குள் எங்கள் பூனை பவுனின் தண்ணீர்க் கிண்ணம் மறுபடியும் காலி.

ஜூன் 11
மிருக வைத்தியர் பவுனின் உதட்டை விரலால் தூக்கிப் பல்லைப் பார்த்தார், கண்ணில் டோர்ச் அடித்தார். குட்டியென்றால் பால்பல்லை வைத்து மாதக் கணக்கே சொல்லலாமாம். வளர்ந்த பூனைக்குப் பற்காரையையும் கண்ணின் மங்கலையும் பார்த்துப் பத்துக்கு மேல் என்றுதான் சொல்ல முடியுமாம். இரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

ஜூன் 12
மழை. பெறுபேறு வரவில்லை.

ஜூன் 14
மனித வயதாக மாற்ற, நாய்க்குச் சொல்வதைப் போல ஏழால் பெருக்குவது பூனைக்குப் பொருந்தாது. ஒரு வயது நிறையும் முன்பே குட்டி போடக்கூடிய பிராணியை ஏழு வயதுப் பிள்ளையோடு எப்படி ஒப்பிடுவது? முதல் வருடத்துக்கு 15, இரண்டாம் வருடத்துக்கு 9, அதன்பின் வருடத்துக்கு 4 என்பதே இப்போது பலரும் கொள்ளும் கணக்கு. ஆனால் தொடங்குவதற்குப் பிறந்த காலம் வேண்டுமே! அப்பாயியைக் கேட்டேன். 2009 மே மாதம், யுத்தம் முடிந்ததென்று டவுனில் வெடி கொளுத்த, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாரும் வாய் திறக்காமல் கதவைச் சாத்தியிருந்த அன்று, அடுப்படி விறகுக்குள் ஒளிந்த குட்டியை இழுத்தபோது சாக்கில் அரிசிக் குறுணை அளவில் ஒரு பல் கிடந்ததாம். பால்பல் விழுவது நான்கைந்து மாதத்தில். அப்படியானால் பவுனு அந்த வருடத் தொடக்கத்தில் பிறந்திருக்க வேண்டும். மனிதக் கணக்கில் இன்று கிட்டத்தட்ட 82.

ஜூன் 15
அப்பாயியின் அடையாள அட்டை இலக்கம் 43 என்று தொடங்குகிறது, அதாவது பிறந்த வருடம் 1943. அதன்படி அவருக்கும் 82. அந்த 43ஐயும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஆளைப் பார்த்து மதித்துத்தான் எழுதினாராம், பல்லைக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வருடம் பவுனு மூத்தவளாகிவிடும் என்றதற்கு, “அப்ப அவளுக்கு மொதல்ல சோத்தப் போடு” என்றார்.

ஜூன் 17
டெக்சாஸில் கிரீம் பஃப் என்ற பூனை 1967 முதல் 2005 வரை, 38 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது. வாய்ப்பாட்டில் போட்டால் 168 வருகிறது. எந்த மனிதரும் எட்டாத வயது. கணக்கு ஓரிடத்தில் உடைகிறது என்பதில் எனக்கு ஏனோ ஆறுதல்.

ஜூன் 18
சிறுநீரகம்தான். படிவத்தில் வயது கேட்டார்கள். 16 என்று எழுதினேன். நெத்தலிக் கருவாட்டை அறவே நிறுத்தச் சொல்கிறார் வைத்தியர். பிரஷருக்காகத் தன் தட்டில் உப்பைக் குறைக்கவே இன்னும் சம்மதிக்காத அப்பாயியிடம் இதை யார் போய்ச் சொல்வது?