டிஸ்பாட்ச் வேற, ஷிப்மெண்ட் வேற

திருப்பூர்ல மெர்ச்சண்டைசர் (எக்ஸ்போர்ட் ஆர்டர கவனிச்சுக்கறவரு) வேலைக்குப் புதுசா வர்ற பசங்க, பையருக்கு (சரக்கு வாங்கற வெளிநாட்டு கம்பெனிக்கு) மெயில் போடறப்ப சென்ட், டிஸ்பாட்ச், ஷிப் மூணையும் மாத்தி மாத்தி போடறாங்க. டிக்‌ஷனரிய பாத்தா ஒண்ணுக்கு ஒண்ணு சினானிம்னுதான் இருக்கும், நமக்கும் எல்லாமே "அனுப்பியாச்சு"தான். ஆனா எக்ஸ்போர்ட்ல இந்த வித்தியாசம் தெரியலன்னா பணம் மாட்டிக்கும், அதனாலதான் எழுதறேன்.

ஃபேக்டரில சரக்கு ஏத்தி கன்டெய்னர் தூத்துக்குடிக்கு கெளம்பிருச்சுன்னு வைங்க. அப்ப "டிஸ்பாட்ச்ட் ஃப்ரம் ஃபேக்டரி"ன்னு எழுதினா சரி. அதையே "ஷிப்ட்"னு எழுதிட்டா பையர் கப்பல் ஏறிருச்சுன்னே எடுத்துக்குவாங்க, ஆனா இன்னும் போர்ட்டுக்குள்ள போகணும், கஸ்டம்ஸ் முடியணும், கப்பலே லேட்டா வந்தாலும் வரும். ஆன்லைன்ல செருப்பு வாங்கினா வேன்ல ஏத்தினதுமே "ஷிப்ட்"னு மெசேஜ் வருதுல்ல, அது அமெரிக்கன் பழக்கம், அங்க லாரில போனாலும் ஷிப்புதான். அதை பாத்து பழகிட்டு இங்கயும் அப்படியே போட்டுடறாங்க.

எல்சி (லெட்டர் ஆஃப் கிரெடிட், டாக்குமெண்ட் சரியா இருந்தா பணம் தர்றோம்னு பையரோட பேங்க் குடுக்கற உத்தரவாதம்) ஆர்டர்னா இன்னும் கவனம் வேணும். லேட்டஸ்ட் டேட் ஆஃப் ஷிப்மெண்ட்னு எல்சில ஒரு தேதி இருக்கும். கடல் வழி சரக்குக்கு பேங்க் நம்ம மெயிலையும் பாக்காது, ஃபேக்டரிய விட்டு சரக்கு வெளிய போன கேட் பாஸ் தேதியையும் பாக்காது, பில் ஆஃப் லேடிங்ல (பி.எல்., கப்பல் கம்பெனி சரக்குக்கு குடுக்கற ரசீது) சரக்கு கப்பல் ஏறின தேதி என்னன்னுதான் பாக்கும். வெறும் "ரிசீவ்டு ஃபார் ஷிப்மெண்ட்"னு அச்சடிச்ச பி.எல். வந்தா அதுல "ஆன் போர்டு"ன்னு தேதியோட குறிப்பு இருக்கான்னு மொதல்ல பாருங்க, இல்லன்னா பேங்க் ஏத்துக்காது. 2007 ஜூலைல இருந்து நடைமுறைல இருக்கற யுசிபி 600ங்கற சர்வதேச எல்சி விதிப்படி, எல்சில வேற கெடு எதுவும் சொல்லலன்னா ஷிப்மெண்ட் தேதில இருந்து 21 நாளுக்குள்ள டாக்குமெண்ட் பேங்க்குக்கு போய் சேரணும், எல்சியோட எக்ஸ்பயரி தேதியும் தாண்டக்கூடாது. அதனால அந்த ஒரு தேதிய வச்சுத்தான் எல்லாமே ஓடுது.

சாம்பிளுக்கு இந்த தலைவலி இல்ல, கூரியர்ல போட்டா "சென்ட் பை கூரியர்"னு எழுதி ஏர்வே பில் (கூரியர் ரசீது) நம்பர குடுத்தா போதும். ஆனா "வீ ஹேவ் சென்ட் யெஸ்டர்டே"ன்னு எழுதாதீங்க, நேத்துன்னு சொல்லிட்டா ஹேவ் வரக்கூடாது, என்னத்த அனுப்பினோம்னும் சொல்லணும், "வீ சென்ட் த சாம்பிள் யெஸ்டர்டே" அவ்ளோதான். அதே மாதிரி "சென்ட் டு மீ த ஃபைல்" வேணாம், "சென்ட் மீ த ஃபைல்"னு எழுதுங்க.

ஃபார்வர்ட்ங்கறத நம்மாளுங்க எல்லாத்துக்கும் போடறாங்க. அடுத்தவங்க நமக்கு அனுப்பினத இன்னொருத்தருக்கு தள்ளி விடறதுக்குத்தான் அது பொருத்தம், உதாரணமா டையிங் யூனிட் (சாயப்பட்டறை) குடுத்த ரிப்போர்ட்ட பையருக்கு அனுப்பறப்ப. நாமளே போட்ட இன்வாய்ஸுக்கு சென்டே நல்லாருக்கும். இன்னொரு குழப்பம், ஃபார்வர்டர்னா மெயில் அனுப்பறவரு இல்ல, கப்பல்ல நமக்கு எடம் புடிச்சு குடுக்கற ஏஜென்ட், நெறைய ஆர்டர்ல பையரே அவரு யாருன்னு சொல்லிடுவாங்க.

ரெமிட் பணத்துக்கு மட்டும்தான். "ப்ளீஸ் ரெமிட் த பேலன்ஸ்"னு கேக்கலாம், ஆனா துணி சாம்பிள ரெமிட் பண்ண சொல்லி எழுதினா பையருக்கு ஒண்ணும் புரியாது.