யானைமலையை வரைந்து பார்த்தேன்: எட்டு மாதக் குறிப்புகள்

போன ஆடியில் ஒரு பரீட்சை அட்டை, ஒரு 2பி பென்சில், ஒரு ஸ்கெட்ச் நோட்டு, இவ்வளவையும் வைத்துக்கொண்டு தொடங்கிய வேலை. மதுரையைச் சுற்றிப் படுத்திருக்கும் மூன்று மலைகளை வெவ்வேறு இடங்களில் நின்று வரைவது. கதையில் சொல்லும் உருவம் அங்கிருந்து தெரிகிறதா என்று பக்கத்திலேயே எழுதி வைப்பது. யானைமலை, நாகமலை, பசுமலை. மாதத்துக்கு இரண்டு ஞாயிறு என்று கணக்கு. இப்போது பங்குனி. நோட்டில் 31 படங்கள் சேர்ந்திருக்கின்றன. யானைக்கு 19, நாகத்துக்கு 9, பசுவுக்கு 3. பசுவுக்கு ஏன் மூன்றே மூன்று என்று பிறகு சொல்கிறேன்.

கதை எங்கள் அப்பத்தா சொல்லித் தெரிந்தது. பிறகு பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் எடுத்து வாசித்துக்கொண்டேன். விக்கிரம பாண்டியன் மதுரையை ஆண்டபோது, காஞ்சியில் இருந்த சோழன் சமணர்களை வைத்து ஒரு வேள்வி செய்விக்கிறான். அந்த நெருப்பிலிருந்து ஒரு பெரிய யானை எழுந்து மதுரையை அழிக்க வருகிறது. சொக்கநாதர் வில்லாளியாக வந்து நரசிங்கக் கணையை விடுகிறார். யானை விழுந்து மலையாகிவிடுகிறது. அது நடந்து சில தலைமுறை கழித்து, அனந்தகுண பாண்டியன் காலத்தில், பாம்பு வருகிறது. அரசனே அதை எய்கிறான், அது கக்கிய நஞ்சை இறைவன் அமுதம் தெளித்துப் போக்குகிறார். அதுவும் தோற்றபின் பசு வருகிறது. பசுவைக் கொல்லக் கூடாது என்று நந்தியை அனுப்புகிறார்கள். நந்தியின் அழகைப் பார்த்து மயங்கியே பசு விழுந்து மலையாகிறது. அப்பத்தா இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் குரலை இறக்கிவிடுவார். அந்தப் பசு பாவம் என்பதுபோல.

முதல் மாதம் வரைந்த நான்கு படங்களையும் கிழித்துப் போட வேண்டியதாயிற்று. நான்கிலும் யானை மிக அழகாக வந்திருந்தது, அதுதான் தப்பு. மாட்டுத்தாவணி பக்கம் எங்கள் மொட்டை மாடியிலிருந்து வரைந்தவை அவை. பிறகு அதே இடத்திலிருந்து செல்போனில் எடுத்த படத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே தாளை வைத்து கோட்டை மட்டும் எடுத்துப் பார்த்தேன். மலை வேறு மாதிரி இருந்தது. நான் தும்பிக்கை என்று இறக்கியிருந்த வளைவு அங்கே பாதிகூட இல்லை. கதை தெரிந்த கை, மலையைப் பார்க்காமலே கோடு போட்டிருக்கிறது. அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். முதலில் வானத்தும் பாறைக்கும் நடுவிலுள்ள விளிம்பு மட்டும், பென்சிலை எடுக்காமல். உள்ளே கண், காது, கால் எதுவும் கிடையாது. விளிம்பு முடிந்த பிறகுதான் நிழல்.

இந்த மலை வரைவதற்கு மிக நல்ல மலை. மரமே இல்லாத மொட்டைப் பாறை. மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம், அகலமோ அதில் சிறு பங்குதான். வடகிழக்கிலிருந்து தென்மேற்காக, மதுரையைப் பார்த்து நீட்டிப் படுத்திருக்கிறது. சாம்பலும் வெளிறிய ரோஜா நிறமும் வரிவரியாகக் கலந்த நைஸ் (gneiss) என்ற வகைப் பாறை. வெயிலிலும் மழையிலும் இந்த மாதிரிப் பாறை வெங்காயம் உரிவதுபோல் மேலிருந்து தகடு தகடாக உரியும். உரிய உரிய, கூரான முனையெல்லாம் போய் உருண்டை வடிவம் மிஞ்சும். யானையின் முதுகும் மத்தகமும் இப்படி வந்தவைதான். நிழல் போடும்போதுதான் இது கைக்குப் புரிந்தது. இந்த மலையில் கூர்மையான நிழல் எங்குமே விழவில்லை. பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் போதும்.

ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் மலையைச் சுற்றி நடந்தேன். ஒத்தக்கடை வரை டவுன் பஸ், அங்கிருந்து நடை. ஒவ்வொரு இடத்திலும் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு விளிம்பு. வந்த முடிவை அப்படியே எழுதுகிறேன். நகரத்துப் பக்கமிருந்து பார்த்தால் எதிரே முட்டிக்கொண்டு நிற்கும் நெற்றி தெரிகிறது. மேலூர் சாலையில், ஒத்தக்கடையை ஒட்டி நின்றால் பக்கவாட்டில் முழு யானை; தலையைக் கீழே வைத்துத் தும்பிக்கையை நீட்டிப் படுத்திருக்கிறது. அங்கே எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். அதே சாலையில் இன்னும் மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் வெறும் முதுகு. மலையடியில் நின்றால் ஒன்றுமே இல்லை. சுவர்தான். அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் நோட்டைக் காட்டினேன். "இங்கன நின்னா எப்படிய்யா யானை தெரியும்? ரோட்டுக்குப் போங்க" என்றார். எனக்கு இரண்டு மாதம் பிடித்தது, அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

இந்தக் கதை மதுரைக்குள் நின்று வெளியே பார்த்தவர்களுடைய கதை என்று அன்றைக்குத் தோன்றியது. யானை வடகிழக்கில், நாகம் மேற்கில், பசு தென்மேற்கில். ஒவ்வொன்றும் வெளியிலிருந்து ஊரை நோக்கி வந்து, ஊர் எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தப்படுகிறது. மலையின் தலை மதுரையைப் பார்த்து இருக்கப்போய்தான் யானை "வருகிறது". அதே பாறை வாலைக் காட்டிப் படுத்திருந்தால், யானை எங்கேயோ திரும்பிப் போகிற கதையாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஐப்பசியில் இரண்டு வாரம் விடாத மழை. நோட்டை வெளியே எடுக்கவே முடியவில்லை. மழை விட்ட ஒரு காலையில் மாடிக்குப் போனேன். பாறை முழுக்க நனைந்து கறுத்திருந்தது. மேலே குழிகளில் நிரம்பிய தண்ணீர் நெற்றியின் ஓரமாகக் கருங்கோடுகளாக வழிந்துகொண்டிருந்தது. கன்னத்தில் மதம் ஒழுகும் யானையை ஒரு தடவையாவது தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு, அந்தக் காட்சியை விளக்க வேண்டாம். எட்டு மாதத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது அந்த ஒரு நாள்தான். கலர் பென்சில் இல்லாமல் கரியை வைத்து வரைந்தேன். 31 படங்களில் அது ஒன்றுதான் சட்டம் போட்டு மாட்டத் தகுந்தது.

கார்த்திகையில் யானைமலை அடிவாரத்திலுள்ள நரசிங்கம் ஊருக்குப் போனேன். யானையை வீழ்த்திய அம்புதான் அங்கே நரசிங்க மூர்த்தியாக இருக்கிறது என்று புராணம் கதையை முடித்து வைக்கும். ஆனால் பாறையைக் குடைந்து எடுத்த அந்தக் கோயிலுக்கு ஒரு தேதி இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி 770-ஐ ஒட்டி அதைக் குடைந்து, குடமுழுக்குக்கு முன்பே இறந்துபோனான். அவன் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்துக் குடமுழுக்குச் செய்தான். இதைக் கல்வெட்டே சொல்கிறது. பரஞ்சோதியார் பாடியது இதற்குப் பல நூற்றாண்டு பின்னால். ஏற்கெனவே இருந்த பெருமாள் கோயிலைச் சிவனுடைய அம்பாக்கிக் கதைக்குள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். நரசிங்கக் கணை என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று சின்ன வயதில் இருந்து எனக்கு ஒரு கேள்வி. கோயில் வாசலில் நின்றபோது அது தீர்ந்தது.

நாகமலைக்கு மார்கழியும் தையும். இது வேறு மாதிரிக் கஷ்டம். ஒரே இடத்தில் நின்று முழுப் பாம்பையும் பார்க்க முடியாது. அவ்வளவு நீளம். நான்கு தாளை ஒட்டி, நகர்ந்து நகர்ந்து வரைந்து, வீட்டில் தரையில் விரித்துப் பார்த்தேன். சேர்த்துப் பார்த்தால் நெளிந்து போகிற உடம்பு சந்தேகமில்லாமல் வருகிறது. தாள் ஒட்டிய இடங்களில் மலையின் உயரம் பொருந்தவில்லை. நான் நின்ற தூரம் மாறியிருக்கிறது. அடுத்த முறை சாலையோரக் கிலோமீட்டர் கல்லை வைத்து இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பக்கம் போனபோதே கீழக்குயில்குடி சமணமலைக்கும் போனேன். என் பட்டியலில் இல்லாத மலை, ஆனால் போகாமல் இருக்க முடியாது. அங்கே ஒரு குகைக்குச் செட்டிப்புடவு என்று பெயர். புடவு என்றால் குகை. உள்ளே உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரர் நீண்ட காதும் அமைதியான முகமுமாக இருக்கிறார். அவரைச் செட்டியார் என்று ஊர் எடுத்துக்கொண்டது. சமண முனிவர்கள் போய், அவர்கள் பேச்சும் மறந்துபோன பிறகு, குகைக்குள் இருப்பவர் யார் என்ற கேள்விக்கு ஊர் தனக்குத் தெரிந்த ஒரு மனிதரைப் பதிலாகச் சொல்லியிருக்கிறது. பாறையில் யானையைப் பார்த்த அதே கண்தான் இதுவும். மலையடியில் அய்யனார், கருப்பசாமி, தாமரைக் குளம், பெரிய ஆலமரம். அந்த ஆலமரத்தை ஒரு பக்கம் முழுக்க வரைந்தேன். எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

சரி, பசுமலை. மூன்று தடவை போனேன், பசு எனக்குத் தெரியவில்லை. சுற்றிலும் கட்டடங்கள் வந்துவிட்டன; எங்கே நின்றாலும் ஒரு தண்ணீர்த் தொட்டியோ மாடியோ விளிம்பை வெட்டுகிறது. பழைய காலத்தில் வயல்வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். இன்னொரு எண்ணமும் இருக்கிறது. இது என் ஊகம்தான். யானையும் பாம்பும் பாறையிலேயே இருக்கின்றன, அவற்றைக் கண் தானாகக் கண்டுபிடிக்கும். இரண்டு வந்துவிட்டால் கதைக்கு மூன்றாவது ஒன்று வேண்டும். மூன்றாவதைக் கதை தன் தேவைக்காகத் தேடிப் பக்கத்துக் குன்றில் வைத்திருக்கலாம். மூன்றில் மனத்தை அதிகம் தொடுவது அந்தப் பசுவின் கதையாக இருப்பதும், உருவத்தைவிட அதில் உணர்ச்சியே பெரிதாக இருப்பதும் அதனால்தானோ என்று நினைக்கிறேன்.

மாசியில் மறுபடி யானைமலை. இந்தத் தடவை படியேறிச் சமணச் சிற்பங்கள் வரை. பெரிய பாறையின் முகத்தில் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை எல்லாம் புடைப்பாக. சில இடங்களில் பழைய வண்ணம் இன்னும் ஒட்டியிருக்கிறது. கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டு. இங்கே சமணர்கள் இருந்ததற்குச் சம்பந்தர் தேவாரமே சாட்சி. 7-ஆம் நூற்றாண்டில், மதுரைக்கு வந்தபோது பாடிய பதிகத்தில் "ஆனைமாமலை" என்று மலையின் பெயரைச் சொல்லித்தான் அவர்களைப் பாடுகிறார். அப்போதே இது யானை. மேலே சமணர்கள், கீழே சைவர்கள், நடுவில் சண்டை. உருவத்தைப் பாறை கொடுத்தது. யானையை ஏவியவர்கள் யார் என்பதை அந்தச் சண்டை கொடுத்தது. இது எனக்கு வருத்தமாகவும் இருக்கிறது. அந்தப் பாறையில் கண் மூடி அமர்ந்திருக்கும் உருவங்களுக்கு எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்து வரைந்த பிறகு, அவர்கள் ஊரை மிதிக்க யானை அனுப்பினார்கள் என்று அப்பத்தா சொன்னபடி என்னால் இனிச் சொல்ல முடியாது. என் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

அதற்கும் மேலே, பாறை நெற்றியில், தமிழி (தமிழ் பிராமி) என்ற மிகப் பழைய எழுத்தில் ஒரு கல்வெட்டு. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழையது. "இவ குன்றது" என்று தொடங்குகிறது. இவ என்பதை இபம், அதாவது யானை, என்று ஆய்வாளர்கள் படித்திருக்கிறார்கள். யானைக் குன்றத்தில் உறைகிற துறவிகளின் பெயர்கள் அடுத்து வருகின்றன. ஆக, சண்டைக்கும் முன்னால், புராணத்துக்கு நெடுங்காலம் முன்னால், அந்தத் துறவிகளே இதை யானை என்றுதான் அழைத்திருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்து சுற்றிப் பார்த்தேன். அந்த இடத்திலிருந்து யானை தெரியாது. நாமே அதன் தலைமேல் இருக்கிறோம். சாலையிலிருந்தோ வயலிலிருந்தோ பார்த்த உருவத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவர்களும் ஏறி வந்திருக்க வேண்டும்.

மேலூர் பக்கம் எத்தனையோ குன்றுகள் கிரானைட்டுக்காக அறுபட்டுப் போனதை அந்த வழியில் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். 2010-இல் யானைமலையைச் சிற்ப நகரம் ஆக்கும் திட்டம் வந்தபோது, சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். திட்டம் நின்றது. யானை என்று பெயர் வைத்த பாறையில் உளி வைக்க விடுவது அவ்வளவு சுலபமில்லை போலும்.

அடுத்து என்ன என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நாகமலையின் நான்கு தாளையும் கிலோமீட்டர் கல் கணக்கோடு மறுபடி வரைய வேண்டும். பசுமலைக்கு வயதானவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போய், முன்னால் எங்கே நின்று பார்ப்பீர்கள் என்று கேட்க வேண்டும். அப்புறம் நந்தி தன் உருவை மலையாக விட்டுச் சென்ற இடம் என்று புராணம் சொல்லும் இடபமலை. அதற்கு இப்போதே எட்டுப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். சித்திரை வெயில் ஏறுவதற்குள் முதல் விளிம்பையாவது எடுத்துவிட வேண்டும்.