கம்பெனி பெயின்டின் மேல் செராமிக் கோட்டிங்: பத்மினியின் டிக்கியில் ஆறு மாதம்

அப்பா 1986இல் வாங்கிய பிரீமியர் பத்மினி இது. மெரூன் நிறம். பானெட், கூரை, டிக்கி மூன்றிலும் பம்பாய் குர்லா தொழிற்சாலையில் அடித்த கம்பெனி பெயின்டே இன்றுவரை இருக்கிறது. இடப்பக்க மட்கார்டும் முன் கதவும் மட்டும் மூன்று ஆண்டுகளுக்கு முன் பட்டறையில் பட்டி பார்த்துப் புதிதாக அடிக்கப்பட்டவை. அவற்றின் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற பாதுகாப்பு அடுக்கு உண்டு.

செராமிக் கோட்டிங் என்பது பெயின்டின் மேல் திரவமாகத் தடவினால் மெல்லிய படலமாக இறுகும் பூச்சு. முழு காருக்கும் அதைப் போட சேலத்தில் ஒரு கடையில் 18,000 ரூபாய் கேட்டார்கள். காரைச் சுற்றி வந்து பார்த்தார்கள். எது பழைய பெயின்ட், எது புதியது என்று ஒருவரும் கேட்கவில்லை. அது எனக்கு உறுத்தியது. 30 மில்லி பாட்டில் ஒன்றை வாங்கி, டிக்கி மூடியில் பாதிக்கு மட்டும் நானே போட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

பிப்ரவரி, முதல் ஞாயிறு

வெள்ளைப் பருத்தித் துணியில் சிறிது பாலிஷ் தொட்டு டிக்கியின் ஒரு மூலையில் தேய்த்தேன். நான்கைந்து சுற்றிலேயே துணி வெளிறிய ரோஜா நிறமானது. இன்னும் தேய்க்க, குங்குமம் ஒட்டியதுபோல் ஆழ்ந்த மெரூன் இறங்கியது. அதே துணியின் மறுபக்கத்தால் மட்கார்டைத் தேய்த்தேன். அழுக்கு வந்தது, நிறம் வரவில்லை. கிளியர் கோட் இல்லாத பெயின்டை இப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். நிறமும் பளபளப்பும் அங்கே ஒரே அடுக்கு. வெயிலில் அதன் மேல்தோல் வெளுத்து மாவாகிறது. பாலிஷ் அந்த மாவை எடுத்துவிடுகிறது. துணியில் வந்த சாயம் காரின் பெயின்டேதான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகிறது.

நண்பரிடம் பெயின்ட் கனம் பார்க்கும் கருவியை இரவல் வாங்கினேன். டிக்கியின் நடுவில் 91 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), விளிம்பு மடிப்பில் 64. பட்டி பார்த்த மட்கார்டில் 260. இதெல்லாம் அடிப்பூச்சான பிரைமரையும் சேர்த்த கணக்கு. பட்டறை மேஸ்திரியிடம் சொன்னபோது, “தம்பி, விளிம்பில் மட்டும் மெஷினை வைத்துவிடாதே. பிரைமர் தெரிந்துவிட்டால் அப்புறம் நான் வந்தும் பயனில்லை” என்றார். அதனால் மெஷினைத் தொடவே இல்லை. எல்லாம் கையால்தான்.

பிப்ரவரி, இரண்டாம் ஞாயிறு

டிக்கியின் நடுவே மேலிருந்து கீழாக மாஸ்கிங் டேப் ஒட்டினேன். இரு பக்கமும் ஒரே கழுவல், ஒட்டிய அழுக்கை எடுக்க ஒரே களிமண் உருட்டல், ஒரே பாலிஷ். முடிந்தபோது நடுவில் 87 மைக்ரான். நான்கு போய்விட்டது.

இடப் பாதிக்குக் கோட்டிங். பாலிஷின் எண்ணெய்ப் பசை போக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். துடைத்த வேகத்தில் அந்தப் பக்கம் மங்கிப்போனது. எண்ணெய் வைத்துச் சீவிய தலையைச் சீயக்காய் போட்டு அலசியதுபோல் வறண்டு நின்றது. சற்றுமுன் நான் பார்த்து மகிழ்ந்த பளபளப்பில் பாதி எண்ணெயின் உபயம் என்று அப்போதுதான் புரிந்தது.

கோட்டிங்கை உள்ளங்கையளவு இடங்களாகப் பிரித்துத் தடவினேன். ஓரிரு நிமிடத்தில் மழைநீரில் மிதக்கும் டீசல் போல வண்ணம் ஓடும். அந்த நேரத்தில் துடைத்துவிட வேண்டும். ஓரிடத்தில் தாமதித்தேன், அங்கே கருத்த திட்டு ஒன்று இறுகிவிட்டது. வலப் பாதிக்குக் கார்னாபா மெழுகு. மட்கார்டுக்கும் கதவுக்கும் கோட்டிங்.

மறுநாள் டேப்பை உரித்தபோது இரு பாதிக்கும் வேறுபாடு காண முடியவில்லை. எது எந்தப் பக்கம் என்று சொல்லாமல் அப்பாவைப் பார்க்கச் சொன்னேன். மெழுகுப் பக்கத்தைக் காட்டி, “இதுதான் புதுக் கார் மாதிரி இருக்கிறது” என்றார்.

மார்ச், ஏப்ரல்

கோட்டிங்குக்கு உரிய பெருமையைக் கொடுக்க வேண்டும். கருப்பூர் பக்கம் மாக்னசைட் சுரங்கங்களைத் தாண்டிப் போய் வந்தால் காரில் வெள்ளைத் தூசி படிகிறது. கோட்டிங் போட்ட பக்கத்தில் ஒரு குவளை நல்ல தண்ணீரிலேயே அது வழிந்து ஓடியது. மெழுகுப் பக்கம் மெதுவாகத்தான் விட்டது. தூசியின் மேல் துணியை இழுக்காமல் இருந்தாலே கீறல் பாதி குறையும் என்பதால் இது சின்ன லாபமில்லை. ஏப்ரல் இறுதியில் மெழுகுப் பக்கத்தில் நீர்முத்துகள் தட்டையாகிவிட்டன. மறுபடி மெழுகு போட இருபது நிமிடம் ஆனது.

ஏற்காட்டுக்கு ஒரு முறை போனோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் முனகாமல் ஏறியது. வழியில் முன்னே போன லாரியிலிருந்து கல் தெறித்து, கோட்டிங் போட்ட மட்கார்டில் மிளகளவுக்குப் பெயின்ட் பெயர்ந்தது. பாட்டிலில் 9எச் என்று போட்டிருப்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் கடினத்தன்மை. ஒன்றிரண்டு மைக்ரான் படலம் கல்லடியைத் தாங்காது.

மே

வீட்டில் மேட்டூர் தண்ணீர் வராத வாரம். போர் தண்ணீரில் கழுவினேன். தொலைபேசி வந்து உள்ளே போனவன் திரும்புவதற்குள் வெயில் ஏறிவிட்டது. கோட்டிங் பக்கம் முழுக்க வெள்ளை வளையங்கள். கோட்டிங்கில் நீர் முத்து முத்தாக நிற்கிறது. காயும்போது அதிலுள்ள உப்பெல்லாம் அந்த ஒரே வட்டத்தில் குவிகிறது. மெழுகுப் பக்கத்திலும் வளையங்கள் விழுந்தன. ஆனால் புது மெழுகைப் பூசித் துடைத்தபோது பெரும்பாலும் போய்விட்டன. கோட்டிங் பக்கத்தில் நீர் கலந்த வினிகரால் பாதிதான் போயின. மீதி படலத்திலேயே பதிந்துவிட்டன.

ஜூலை

அவற்றை எடுக்கப் பாலிஷால் தேய்ப்பதைத் தவிர வழியில்லை. இறுகிய கோட்டிங்கை எடுக்கவும் அதே தேய்ப்புதான். பிப்ரவரியின் கருத்த திட்டுக்கும் அதுவே. தேய்த்தேன். படலம் போகும்வரை துணி வெள்ளையாக இருந்தது, பிறகு ரோஜா நிறம், பிறகு மெரூன். அந்த நிறத்தைக் கண்டதும் நிறுத்திவிட்டேன். கருவியில் 83. ஒரு முறை போட்டு ஒரு முறை எடுத்ததில் மொத்தம் எட்டு மைக்ரான். விளிம்பை நான் தொடவில்லை. தொட்டிருந்தால் 64இல் இதைக் கழிக்க வேண்டியிருக்கும்.

மட்கார்டிலும் கதவிலும் கோட்டிங் அப்படியே இருக்கிறது. அங்கே கிளியர் கோட் இருக்கிறது, வேண்டுமென்றால் மறுபடி அடிக்கவும் முடியும். தூசிக்கு அது மிகவும் உதவுகிறது. இன்னொரு முறையும் போடுவேன். குர்லாவில் அடித்த பெயின்டை யாராலும் திரும்ப அடிக்க முடியாது. தேய்த்தால்தான் எடுக்க முடியும் என்ற எதையும் இனி அதன் மேல் வைக்க மாட்டேன்.

ஆகஸ்ட்

டிக்கி முழுவதும் இப்போது மெழுகு. கூரைக்கு நேற்று கிளேஸ் என்ற எண்ணெய்ப் பதமுள்ள பளபளப்புப் பூச்சைத் தடவி ஓர் இரவு ஊறவிட்டேன். காலையில் துடைத்தபோது நாற்பது வெயில் கண்ட அந்த மெரூன் ஈரம் குடித்ததுபோல் கருத்திருந்தது. பானெட் அடுத்த ஞாயிறு.