கோடி கோடி டாலரும் செங்கல் சேர்த்த ஒரு குடும்பமும்

விக்டோரியா அருவிக்குப் போகும் பாதையில் இளைஞர்கள் சிலர் பழைய ஜிம்பாப்வே நோட்டுகளை விற்றுக்கொண்டிருந்தார்கள். அதிகம் விலைபோவது நூறு டிரில்லியன் டாலர் நோட்டு. ஒன்றுக்குப் பின்னால் 14 சுழியங்கள். நம் கணக்கில் ஒரு கோடி கோடி. முன்பக்கத்தில் தலைநகர் ஹராரேயை ஒட்டிய எப்வொர்த்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் பாறைகள். பின்பக்கத்தில் ஒரு காட்டெருமையும் நான் பார்க்க வந்த அதே அருவியும். பயணிகள் சிரித்தபடி பேரம் பேசினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புலவாயோ நகரில் தங்கியிருந்த வீட்டிலிருந்துதான் நான் வந்திருந்தேன்.

அந்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அங்கே வயதான பெண்களை ‘கோகோ’ என்று அழைப்பார்கள், பாட்டி என்பதுபோல. நானும் அப்படியே அழைத்தேன். 1980இல் விடுதலை கிடைத்தபோது தங்கள் டாலர் அமெரிக்க டாலரைவிட மதிப்பு மிக்கதாக இருந்ததைச் சொல்லும்போது அவர் குரலில் இன்றும் பெருமை இருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் கணவரும் அவரும் மாதந்தோறும் வங்கியில் போட்டுவந்தார்கள். ஆயுள் காப்பீடும் எடுத்தார்கள்.

சரிவு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1997இல் விடுதலைப் போர் வீரர்களுக்கு வரவு செலவுத் திட்டத்தில் இல்லாத பெருந்தொகை வழங்கப்பட்டது. மறு ஆண்டு காங்கோ போருக்குப் படை போனது. 2000 முதல் பண்ணைகள் கைப்பற்றப்பட, விளைச்சலும் ஏற்றுமதியும் விழுந்தன. பற்றாக்குறையை நிரப்ப மத்திய வங்கி நோட்டு அடித்தது. வறட்சியையும் பொருளாதாரத் தடைகளையும் அரசு காரணம் காட்டியது. வறட்சி உண்மைதான். ஆனால் நோட்டு அச்சடிக்கச் சொன்னது வானம் அல்லவே!

2007இல் கடைகள் விலையைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. வாங்கிய விலைக்கும் கீழே யார் விற்பார்கள்? அலமாரிகள் காலியாகின. கோகோவின் மகன் எல்லை தாண்டி போட்ஸ்வானாவுக்குப் போய் மாவும் எண்ணெயும் வாங்கி வந்தார். 2008 ஜூலையில் ஆண்டுப் பணவீக்கம் 23 கோடி சதவீதம் என்று அரசே சொன்னது. விடியுமுன் வங்கி வரிசையில் நின்றால், அன்று எடுக்க அனுமதிக்கும் தொகை திரும்பிவரும் பஸ்ஸுக்கே போதாது என்றார் கோகோ. கடைசியில் அவர் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டார். அவரைப்போல் ஏராளமான ஆசிரியர்கள் நின்றுவிட்டார்கள். அந்த ஆண்டு படித்த பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் கண் கலங்கியது. பணத்தைப் பற்றிப் பேசும்போது அல்ல.

நோட்டிலிருந்து 2006இல் 3 சுழியங்களை வெட்டினார்கள், 2008இல் 10, 2009 பிப்ரவரியில் 12. மொத்தம் 25. ஒவ்வொரு முறையும் சேமிப்புக் கணக்கிலும் அதே வெட்டு விழுந்தது. 2009 ஏப்ரலில் சொந்த நாணயத்தையே நிறுத்திவைத்து, அன்னிய நாணயங்களில் நாடு ஓடியது. 2015இல் பழைய கணக்குகளை முடித்துவைத்தபோது, 1,750 கோடி கோடி டாலர் வரை இருந்த கணக்குகளுக்கு ஒரே தொகையைக் கொடுத்தார்கள்: 5 அமெரிக்க டாலர். இதைக் கணக்குத் தீர்த்தல் என்று என்னால் சொல்ல முடியாது. உழைத்தவர்களிடமிருந்து அவர்கள் முதுமையைப் பிடுங்கிக்கொண்ட செயல் அது. கோகோ அந்த 5 டாலரை வாங்கவே போகவில்லை.

அவர்களிடம் மிஞ்சியது செங்கல். 2006 வாக்கில் கணவருக்குச் சம்பளம் வந்த அன்றே, விலை ஏறுமுன் செங்கல் வாங்கி முற்றத்தில் அடுக்கிவிடுவாராம். வசதி இருந்தவர்கள் மாடு வாங்கினார்கள். நான் தங்கிய அறை அந்தச் செங்கற்களால் கட்டியது. கணவர் போன பிறகு கோகோவுக்குச் சோறு போடுவது அந்த அறையின் வாடகைதான்.

2024 ஏப்ரலில் தங்கத்தை ஆதாரமாகக் கொண்டது என்று ‘ஜிக்’ என்ற புது நாணயம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அதன் மதிப்பை ஒரே நாளில் 43 சதவீதம் குறைத்தார்கள். போகிறவர்கள் கிழியாத, சிறு மதிப்புள்ள அமெரிக்க டாலர் நோட்டுகளாக எடுத்துச் செல்லுங்கள். சில்லறை கிடைப்பது கடினம். கோகோவும் வாடகையை டாலரில்தான் வாங்கினார். வாங்கிய கையோடு அதில் பாதியைப் பேரனிடம் கொடுத்து சிமெண்ட் வாங்கிவர அனுப்பினார். பின்கட்டில் இன்னொரு அறைக்குச் சுவர் இடுப்புயரம் எழும்பியிருக்கிறது.